தென்னையால் வீடு இழந்த குருவி

தென்னை மரம் யாருக்காவது கெடுதல் செய்யுமா?

தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும், "அது எப்படிச் செய்யும்?" என்றுதான் சொல்வார்கள். இளநீர், தேங்காய், எண்ணெய், கீற்று, கயிறு, அடுப்புக்கு மட்டை என்று எல்லாம் தருகிற மரம் அது. நட்டவனை வாழ வைக்கும் மரம்.

ஆனால் ஒரு சின்னஞ்சிறு குருவிக்கு அந்தத் தென்னையே எமனாக வந்தது. உலகம் முழுவதும் தேடினாலும் அந்த இனத்தில் முப்பது பறவைகள்கூட மிச்சம் இல்லை என்கிற நிலை ஏற்பட்டது.

அந்தக் குருவி அழிந்து போகவில்லை. இன்று மூவாயிரம் அளவுக்குப் பெருகி இருக்கிறது. அதைக் காப்பாற்றியவர்கள் அதற்குத் தீனி போடவில்லை. கூண்டில் வைத்து வளர்க்கவும் இல்லை. வேறு ஒரு காரியம் செய்தார்கள். அது என்ன?

எழுபது ஏக்கர் தீவு

கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே, இந்து மகா சமுத்திரத்தில், சுமார் 2,800 கிலோமீட்டர் தூரத்தில் செஷல்ஸ் தீவுகள் இருக்கின்றன. பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, கடலில் தெளித்த புள்ளிகள் போல நூறுக்கும் மேற்பட்ட தீவுகள். முதலில் பிரெஞ்சுக்காரர்கள், பிறகு ஆங்கிலேயர்கள் ஆண்டார்கள். 1976-ம் ஆண்டு சுதந்திரம் அடைந்து தனி நாடு ஆயிற்று.

இந்தத் தீவுகளில் ஒன்றின் பெயர் கூசேன். மிகச் சிறிய தீவு. மொத்தமே சுமார் 70 ஏக்கர்தான். ஒரு மைல் தொலைவில் இன்னொரு சிறு தீவு இருக்கிறது. அதன் பெயர் கூசின். பிரெஞ்சு மொழியில் கூசேன் என்றால் ஒன்றுவிட்ட சகோதரன். கூசின் என்றால் ஒன்றுவிட்ட சகோதரி.

அந்தக் குருவி கடைசியாக ஒதுங்கி நின்றது கூசேன் தீவில்தான்.

அதன் பெயர் செஷல்ஸ் கதிர்க்குருவி. பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமாக இருக்காது. மேலே மங்கிய பழுப்பு. கீழே வெளுப்பு. நீண்ட அலகு. எடை சுமார் 15 கிராம். பனிக்காலத்தில் வடக்கே இருந்து தமிழ்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்து, புதருக்குள் "டக், டக்" என்று சத்தம் போடுகிற கதிர்க்குருவி ஒன்று உண்டு. அதற்கு இது நெருங்கிய சொந்தம். தமிழ்நாட்டுக்கு வருவது பல நாடுகளைத் தாண்டிப் பறக்கும். செஷல்ஸ் குருவியோ தன் தீவை விட்டுப் போகாது. ஒரு மைல் கடலைக்கூடத் தாண்டத் தயங்கும்.

அழகில் இல்லாததைக் குரலில் வைத்துக்கொண்டிருக்கிறது. மனிதன் சீழ்க்கை அடிப்பது போல அத்தனை தெளிவாகப் பாடும்.

அதன் சாப்பாடுதான் இந்தக் கதைக்கு முக்கியம். தானியம் தின்னாது. பழமும் அதற்கு வேண்டாம். பூச்சிதான் ஆகாரம். அந்தப் பூச்சியையும் தரையில் தேடாது. இலைக்கு இலை தாவி, இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பொறுக்கித் தின்னும். ஆக, இலை இருந்தால் பூச்சி உண்டு. பூச்சி இருந்தால் குருவி உண்டு.

கொப்பரை வந்தது

செஷல்ஸ் தீவுகளில் 1770-ம் ஆண்டு வரை மனிதர்கள் நிலையாகக் குடியிருக்கவில்லை. குடியேறியவர்கள் காட்டை வெட்டினார்கள். பிறகு தென்னையை வைத்தார்கள். கொப்பரைக்கு நல்ல விலை கிடைத்தது. கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆயிற்று. பெரிய தீவு, சிறிய தீவு என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் தென்னந்தோப்பு வந்தது.

அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பிழைக்க வந்தவர்கள் பிழைப்பைப் பார்த்தார்கள். குருவியைக் கல்லால் அடித்தவர் யாரும் இல்லை. அப்படி ஒரு குருவி இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆனால் தென்னந்தோப்பில் இந்தக் குருவிக்கு என்ன கிடைக்கும்? கீற்றுக்கு அடியில் அதற்கு வேண்டிய பூச்சி போதவில்லை. தேங்காய் பொறுக்க வசதியாக, தோப்பின் அடியில் முளைக்கும் மற்ற செடிகளை எல்லாம் வெட்டிவிடுவார்கள். அதனால் பழைய காட்டு மரங்கள் மறுபடி தலைதூக்க வழியே இல்லை. பச்சைப் பசேல் என்று இருந்த தோப்பு, அந்தக் குருவிக்குப் பாலைவனமாக இருந்தது.

கப்பலோடு எலியும் பூனையும் வந்தன. அவை இறங்கிய தீவுகளில் கூட்டில் இருந்த முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இல்லாமல் போயிற்று.

மாரியான் என்று ஒரு தீவு. அங்கே முன்பு இந்தக் குருவி இருந்தது. 1877-ம் ஆண்டு விஞ்ஞானிகள் இதற்குப் பெயரும் வைத்தார்கள். மாரியான் தீவும் தென்னந்தோப்பு ஆயிற்று. அங்கே குருவி அற்றுப் போயிற்று.

கடைசியில் மிஞ்சியது கூசேன் ஒன்றுதான். அங்கேயும் தென்னைதான். ஆனாலும் இரண்டு அதிர்ஷ்டங்கள் இருந்தன. அந்தத் தீவில் எலி ஏறவில்லை. இன்னொன்று, தென்னை வைக்க முடியாத ஒரு சதுப்பு நிலம். அதில் கொஞ்சம் கண்டல் மரங்கள் நின்றன. அந்தச் சின்ன இடத்தில் ஒண்டிக்கொண்டு குருவிகள் உயிர் பிழைத்தன.

1968-ம் ஆண்டு எண்ணிப் பார்த்தார்கள். முப்பதுக்கும் குறைவு!

ஒரு வீட்டுக் கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்காருகிறவர்கள்கூட அதைவிட அதிகம் இருப்பார்கள். உலகத்தில் அந்த இனத்தின் மொத்த ஜனத்தொகையே அவ்வளவுதான். ஒரு புயல் அடித்தால் போதும், முடிந்தது.

தீவையே வாங்கினார்கள்

அப்போது சர்வதேசப் பறவைப் பாதுகாப்புக் கவுன்சில் என்ற அமைப்பு முன்வந்தது. பணம் திரட்டி, 1968-ம் ஆண்டில் கூசேன் தீவையே விலைக்கு வாங்கியது. குருவிக்காக ஒரு தீவை வாங்குவதா என்று கேட்டு அன்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

வாங்கியவர்கள் செய்த வேலை மிகவும் எளிது. புதிதாக முளைத்து வந்த தென்னம்பிள்ளைகளை எடுத்தார்கள். தென்னை மேலும் பரவாமல் தடுத்தார்கள். அவ்வளவு காலமும் வெட்டப்பட்டு வந்த காட்டுச் செடிகளை இனி வெட்டாமல் விட்டார்கள்.

பல ஆண்டுகளாகக் குனிந்தே கிடந்த காடு மெல்ல எழுந்தது. காடு வளர வளரக் குருவியும் பெருகியது. 1980-களின் தொடக்கத்திலேயே எண்ணிக்கை முந்நூறைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் ஏறவில்லை. ஏன்? தீவு நிரம்பிவிட்டது. அந்த 70 ஏக்கருக்கு அவ்வளவு குருவிகள்தான் குடித்தனம் நடத்த முடியும்.

அழிந்துகொண்டிருக்கும் உயிரைக் காக்க வேண்டும் என்றால் உடனே கூண்டும் ஆஸ்பத்திரியும்தான் நினைவுக்கு வருகின்றன. சில உயிர்களுக்கு அதுவும் வேண்டித்தான் இருக்கிறது. கூசேன் தீவில் அது தேவைப்படவில்லை. குருவிக்கு அதன் இலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதியைக் குருவியே பார்த்துக்கொண்டது.

அந்த மரம் எது?

இதைக் கேட்டால் தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கூசேன் தீவில் திரும்பி வந்த காட்டில் பெரும்பாலும் நிற்கிற மரம் எது தெரியுமா? லச்சக்கொட்டைக்கீரை மரம்! சண்டிக்கீரை என்றும் அதைச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் சண்டி இலை என்று வறை செய்து சாப்பிடுகிறார்கள். வீட்டு முற்றத்தில், வேலி ஓரத்தில், எலுமிச்சை நிறத்தில் வெளிறிய இலையோடு நிற்குமே, அதுதான். வீடுகளில் வளர்ப்பது வெளிறிய வகை. தீவுகளில் அதே இனம் கரும்பச்சை இலையோடு பெரிய மரமாக வளர்ந்து காடாக நிற்கிறது.

அகலமான, மெத்தென்ற இலை. மனிதனுக்கே பிடிக்கிற இலை என்றால் பூச்சிக்குப் பிடிக்காதா? அதன் அடிப்பக்கம் முழுவதும் குருவிக்கு விருந்துதான்.

இந்த மரத்துக்கு ஒரு பொல்லாத குணமும் உண்டு. இதன் காய்கள் பசை போல ஒட்டும். கிளையில் கூடு கட்டுகிற கடல் ஆலாக்களின் சிறகில் அந்தக் காய்கள் ஒட்டிக்கொண்டு, பறக்க முடியாமல் சில ஆலாக்கள் செத்துப்போவதும் உண்டு. ஆனாலும் ஆலாக்கள் அந்த மரத்தை விடுவதில்லை. ஆயிரக்கணக்கில் வந்து அதில்தான் கூடு வைக்கின்றன. அவற்றின் எச்சம் மண்ணுக்கு உரம் ஆகிறது. மீன் தின்கிற பறவை கடலில் இருந்து உரம் கொண்டுவந்து போடுகிறது. அதில் மரம் தழைக்கிறது. இலையில் பூச்சி பிழைக்கிறது. பூச்சியைக் குருவி தின்கிறது. இந்தச் சங்கிலியில் தென்னைக்குப் பெரிய இடம் இல்லை.

கூட்டுக் குடும்பம்

கூசேன் தீவில் உள்ள குருவிகளுக்குக் காலில் வண்ண வளையம் போட்டிருக்கிறார்கள். எந்தக் குருவி யாருக்குப் பிறந்தது, எந்த மரத்தடியில் குடியிருக்கிறது, எப்போது செத்தது என்று பள்ளிக்கூடப் பதிவேடு போல எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். யான் கோம்டூர் என்ற டச்சு விஞ்ஞானி 1980-களில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கண்டுபிடித்த விஷயங்கள், மனிதக் குடும்பங்களையும் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

இந்தக் குருவி பெரும்பாலும் ஒரு முட்டைதான் இடும். ஒரே பிள்ளை. கூட்டை விட்டு இறங்கிய பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் ஊட்டி வளர்க்கும். அடை காப்பது பெட்டை. காவல் நிற்பது ஆண். காவல் எதற்கு? அங்கே ஃபோடி என்று ஒரு குருவி இருக்கிறது. தூக்கணாங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கண் அசந்தால் முட்டையைக் குடித்துவிடும்.

வளர்ந்த பிள்ளைகளில் பல வீட்டை விட்டுப் போவதில்லை. அதிலும் பெண் குஞ்சுகள்தான் அதிகம் தங்குகின்றன. தாய்க்கு உதவியாக அடை காக்கின்றன. தம்பி தங்கைக்குப் பூச்சி கொண்டுவந்து ஊட்டுகின்றன.

இது பாசமா? அல்லது வேறு காரணமா?

அதற்கு விடை 1988-ம் ஆண்டில் கிடைத்தது. அந்த ஆண்டு 29 குருவிகளைக் கூசேன் தீவில் இருந்து பிடித்து வேறு ஒரு தீவில் விட்டார்கள். கூசேன் தீவில் அவற்றின் இடம் காலி ஆயிற்று. உடனே, அதுவரை தாய் வீட்டில் உதவிக்கு இருந்த குருவிகள் ஓடிவந்து அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டன. துணை தேடிக்கொண்டு தனிக்குடித்தனம் வைத்துவிட்டன!

புதிய தீவில் நிலம் தாராளமாக இருந்தது. அங்கே பிறந்த குஞ்சுகள் தாய் வீட்டில் தங்கவில்லை. வளர்ந்ததும் தனியே போய்விட்டன. நல்ல இடங்கள் எல்லாம் நிரம்பிய பிறகுதான் அங்கேயும் உதவிக்காரர்கள் தோன்றினார்கள்.

ஆக, கூட்டுக் குடும்பத்துக்கு முக்கியக் காரணம் நிலத் தட்டுப்பாடு. ஆனால் அது மட்டும் அல்ல. சில குருவிகள் மோசமான இடம் காலியாக இருந்தாலும் அங்கே போவதில்லை. நல்ல இடத்தில், தாயோடு இருந்து காத்திருப்பதே மேல் என்று இருந்துவிடுகின்றன. காற்றடி காலத்தில் உப்புத் தண்ணீர் தெறித்துக் கடலோர மரங்களின் இலை உதிர்ந்து போகும். அப்படிப்பட்ட கடலோர மனைக்கு அவசரப்படுகிறவர் யார்? அவசரப்பட்டுப் போனால் பட்டினிதான்.

வளமான இடத்தில் ஒன்றிரண்டு உதவிக்காரர்கள் இருந்தால் குஞ்சு நன்றாகப் பிழைக்கிறது. வறண்ட இடத்தில் அதே உதவிக்காரர்கள் பாரம். இருக்கிற பூச்சியை அவர்களும் தின்றுவிடுகிறார்கள்.

இதைவிட வியப்பான சங்கதி ஒன்றும் உண்டு. கோம்டூர் குழுவினர் 1997-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். உதவிக்கு ஆள் இல்லாத ஜோடிகளைக் கணக்கெடுத்தார்கள். வறண்ட இடத்தில் இருந்த ஜோடிகளுக்குப் பிறந்ததில் நூற்றுக்கு 77 ஆண். வளமான இடத்தில் இருந்தவற்றுக்கு நூற்றுக்கு 13 மட்டுமே ஆண். மற்ற எல்லாம் பெண்! வளம் உள்ள இடத்தில் வீட்டோடு இருந்து உதவுகிற பெண் பிறந்தது. வளம் இல்லாத இடத்தில் வெளியே போய்ப் பிழைக்கிற ஆண் பிறந்தது. பெண் பிறந்தது என்று முகம் சுளிக்கிற வீடுகள் இந்தக் குருவிக் கூட்டத்தில் இல்லை.

பாட்டிகளையும் விட்டுவிடக் கூடாது. வயதாகிப்போன சில தாய்க் குருவிகள் தலைமை இடத்தை இளையவளிடம் இழந்த பிறகும் அங்கேயே தங்கிப் பேரக் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. 15 கிராம் எடையுள்ள இந்தக் குருவிகளில் ஒன்று 19 ஆண்டுகள் வாழ்ந்ததாகப் பதிவாகி இருக்கிறது.

ஒரு தீவு போதுமா?

முந்நூறு குருவிகள் ஆன பிறகும் ஆபத்து தீரவில்லை. எல்லாக் குருவிகளும் ஒரே தீவில்தான் இருந்தன. ஒரு படகில் இருந்து இரண்டு எலிகள் இறங்கினால் போதும். அல்லது ஒரு காட்டுத் தீ. ஒரு நோய். இருபது ஆண்டு உழைப்பும் போய்விடும்.

பக்கத்துத் தீவுக்குக் குருவி தானாகப் பறந்து போகுமா? போகாது. மனிதன்தான் கொண்டுபோக வேண்டும்.

1988-ம் ஆண்டில் 29 குருவிகளைக் கொண்டுபோய் விட்ட தீவின் பெயர் அரீட். மெல்லிய வலையில் பிடித்து, பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். அரீட் தீவில் பூச்சி ஏராளம். குருவிகள் ஆண்டு முழுவதும் கூடு கட்டின. 29 என்பது ஆயிரத்தைத் தாண்டியது!

1990-ம் ஆண்டு இன்னும் 29 குருவிகள் கூசின் தீவுக்குப் போயின. ஒரு மைல் தூரத்தில் இருந்த அந்தச் சகோதரி வீட்டுக்குப் போகவும் மனிதன் கை கொடுக்க வேண்டி இருந்தது. 2004-ம் ஆண்டு 58 குருவிகள் டெனிஸ் தீவுக்கு. 2011-ம் ஆண்டு 59 குருவிகள் ஃபிரேகேட் தீவுக்கு. இப்போது ஐந்து தீவுகளில் இந்தக் குருவி பாடுகிறது. உலகப் பட்டியலில் அழியும் தறுவாயில் இருந்தவற்றின் வரிசையை விட்டு மேலே ஏறி, அச்சம் ஓரளவு தணிந்த வரிசைக்கு வந்துவிட்டது.

ஒரு தீவில் எலி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஃபிரேகேட் தீவே சாட்சி. தமிழ்நாட்டு வீட்டுக் கூரைகளில் விடியற்காலை பாடுகிற குண்டுக்கரிச்சானுக்குச் சொந்தமான ஒரு பறவை செஷல்ஸ் நாட்டில் உண்டு. அது ஒரு காலத்தில் ஃபிரேகேட் தீவில் மட்டுமே மிஞ்சி இருந்தது. 1995-ம் ஆண்டு அந்தத் தீவில் எலி புகுந்துவிட்டது. 2000-ம் ஆண்டில் தீவு முழுவதும் விஷம் வைத்து எலியை ஒழித்தார்கள். அந்த விஷத்தில் கரிச்சான்களும் செத்துவிடக் கூடாது என்று, அவற்றைப் பிடித்துக் கூண்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டி இருந்தது. ஐந்து ஆண்டுத் தலைவலி! எலி ஒழிந்த பிறகுதான் கதிர்க்குருவியை அங்கே குடியேற்ற முடிந்தது.

போனது எல்லாம் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அருங்காட்சியகங்களில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கிற பழைய குருவித் தோல்களை விஞ்ஞானிகள் பரிசோதித்தார்கள். முன்பு இந்த இனம் ஆயிரக்கணக்கில் இருந்தது, பரம்பரைக் குணங்களில் பல வகை இருந்தது என்று தெரிந்தது. இன்றைய மூவாயிரமும் அந்த ஒரு கைப்பிடிக் குருவிகளின் வாரிசுகள். எல்லாம் நெருங்கிய சொந்தம். ஒரு புதிய நோய் வந்தால், எதிர்த்து நிற்கிற உடம்பு எத்தனை குருவிக்கு இருக்கும்? எண்ணிக்கையைப் பதின்மூன்று ஆண்டில் பத்து மடங்கு ஆக்க முடிந்தது. இழந்த வகைகளை ஆக்க முடியவில்லை.

ஆகவே காவலைத் தளர்த்துவதற்கு இல்லை. கூசேன் தீவை இப்போது நேச்சர் செஷல்ஸ் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. கடற்கரையில் அழுங்காமைகள் ஏறி வந்து முட்டை இடுகின்றன. குருவியையும் ஆமையையும் பார்க்க வெளிநாட்டுப் பயணிகள் வருகிறார்கள். அவர்கள் தரும் கட்டணம் தீவின் செலவுக்கு உதவுகிறது.

ஆனால் வருகிறவர்களின் படகு தீவில் கரை தட்டக் கூடாது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி. சற்றுத் தள்ளிக் கடலிலேயே படகை நிறுத்த வேண்டும். தீவுக் காவலர்கள் தங்கள் படகில் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். வெளிப் படகில் ஒரு எலி ஒளிந்திருந்தால், அது அந்தப் படகோடு அப்படியே திரும்பிப் போய்விட வேண்டும்.